லாம்

உலகநேரி கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில்
ஜெராக்ஸ் கடைக்கும் வடைக்கடைக்கும் நடுவே என் மேசை.
பக்கத்துக்கு நூற்றிருபது ரூபாய்.
தமிழை ஆங்கிலமாக்கினாலும்
ஆங்கிலத்தைத் தமிழாக்கினாலும் கூலி ஒன்றுதான்.
சேதாரம்தான் வேறு வேறு.

மேலூருக்குக் கிழக்கேயிருந்து
மறுபடி வந்திருந்தாள் மாயக்காள்.
மஞ்சள் பைக்குள் பொறியாளர் அறிக்கை, பதினொரு பக்கம்.
"எல்லாம் வேணாங்க்கா.
வெடியாலதான் செவரு விட்டுச்சுன்னு இருக்கா இல்லையா,
அத மட்டும் சொல்லுங்க."

ஆறாம் பக்கம், மூன்றாம் பத்தி.
குவாரி அதிர்வு விரிசலுக்கு ஒரு காரணமாக
இருந்திருக்கலாம்.
அஸ்திவாரத்து மண்ணின் தன்மையும்
பங்களித்திருக்கக்கூடும்.
இதே நிலை நீடித்தால் மேற்குச் சுவர்
சரியவும் வாய்ப்புண்டு,
எப்போது என்று அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை.

கீழே பிரிட்டோ என்று கையெழுத்து.
பொய் சொல்லவில்லை அந்த மனிதர்.
வெடித்த நேரத்தில் அவர் அந்த வீட்டில் இல்லை.
ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள்
காரணத்தைக் கொதிக்கிற சட்டி மாதிரி
துணி சுற்றித்தான் இறக்குவார்கள்.
மே என்றால் ஒரு சுற்று.
மைட் என்றால் இரண்டு.
குட் ஹேவ் என்று எழுதிவிட்டால்
சட்டி யார் வீட்டுது என்றே தெரியாது.
மைட்டுக்கு வலிமை என்றும் அகராதியில் ஒரு பொருள் உண்டு.
அதை அவளிடம் சொல்லவில்லை.

"இருக்கலாம்னா?"
"இருந்தாலும் இருக்கும்."
"இல்லாட்டி?"
"இல்லாமலும் இருக்கும்."
வடைக்கடைக்காரர் எண்ணெயிலிருந்து கண்ணெடுத்து
எங்கள் இருவரையும் பார்த்தார்.

போன மாதம் இவள் வாக்குமூலத்தை
ஆங்கிலமாக்கியவளும் நான்தான்.
வெடியாலதான், வெடியாலதான் என்று
ஏழு இடத்தில் சொல்லியிருந்தாள்.
ஏழு தானையும் இறக்கிவைக்க
அந்த மொழியில் மேடை கிடைக்கவில்லை.
ஒன்றுக்கு மட்டும் ஒன்லி போட்டேன்.
வக்கீல் அதையும் அடித்துவிட்டார்,
கேஸ் நிற்காதாம்.
போகும்போது ஏழு தான் போயிற்று,
வரும்போது பதினான்கு லாம் வந்திருக்கிறது.

தமிழும் ஒன்றும் யோக்கியமில்லை.
பஸ் போயிருக்கும், அவர் சாப்பிட்டிருப்பார் என்று
வருங்காலத்தைக் கொண்டுபோய்
முடிந்துபோனதன் தலையில் கட்டுகிற மொழிதானே.

பைக்குள் இன்னொரு தாளும் இருந்தது.
குவாரி உரிமத்தின் நகல், தமிழிலேயே.
காலை பத்து முதல் மாலை நான்கு வரை
வெடி வைக்கலாம்.
எழுத்துக்கூட்டிப் படித்தவள்
விரலை அங்கேயே வைத்துக்கொண்டு கேட்டாள்,
"இந்த லாமும் அந்த லாமும் ஒண்ணாக்கா?"

ஆங்கிலத்திலும் அங்கே மே, இங்கே மே.
வெடி வைக்க வருகையில் பாறையைப் பிளக்கிற சொல்
பதில் சொல்ல வருகையில்
வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டு நிற்கிறது.
எனக்கு இத்தனை வருஷமாக
இது கண்ணில் பட்டதேயில்லை.

"வைக்கலாம்னா வச்சாக.
விட்டிருக்கலாம்னா மட்டும் விடலையோ."
அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை.
கட்டிலைப் புளியமரத்தடிக்கு மாற்றி
நாற்பது நாளாகிறதாம்.
சரியவும் வாய்ப்புண்டு என்பதை
அவள் முதுகு முன்பே மொழிபெயர்த்துவிட்டது.

பணம் எண்ணிக் கொடுக்கையில் பேச்சுவாக்கில் சொன்னாள்:
தை மாசம் விரிசலில் நகம்கூட நுழையவில்லை.
பங்குனியில் ஒரு ரூபாய்க் காசு
பாதிவரை போய் நின்றது.
போன செவ்வாய்க்கிழமை பத்து ரூபாயை வைத்துப் பார்த்தாள்.
கைநழுவி உள்ளே விழுந்துவிட்டது.
சத்தம் கேட்டது.
எடுக்க முடியவில்லை.

அவளை உட்காரச் சொன்னேன்.
புதுத் தாளில் ஆங்கிலத்தில் தட்டினேன்:
செவ்வாய்க்கிழமை
ஒரு காசு சுவருக்குள் விழுந்தது.
மே இல்லை, மைட் இல்லை.
இந்தப் பக்கத்துக்குக் கூலி வாங்கவில்லை.
வக்கீல் இதையும் அடிக்கலாம்.