இரண்டாம் வேற்றுமைக்குப் பின்

பத்துக்கு எட்டு. பின்னால் நீல வானம்.
கரஸ்பாண்டன்ட் வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டார்.
நடுவில் கோ. நிறைமதி,
அறுநூற்றுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு.
வலது மூலையில், ஸ்டாம்பு அளவில்,
அமலோற்பவம் டீச்சர்.
அடியில், மஞ்சள் எழுத்தில் வரவேண்டியது:
'கண்டிப்பான ஆசிரியரே சிறந்த மாணவரை செதுக்குகிறார்
– சீனப் பழமொழி.'

மாணவரை.
அதற்கப்புறம் ஒரு வெற்றிடம்.
என் கை மவுஸை விட்டு எழுந்து
தானாக விரிந்துகொண்டது.

இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின்
வலி மிகும்.
நூறு முறை எழுதியிருக்கிறேன். மறுநாள் இருநூறு.
நூற்றுப் பதினோராவது வரியில் விட்ட ஒற்றுக்காக
முதலிலிருந்து மறுபடியும்.
டீச்சர் யாரையும் அடித்ததே இல்லை என்று
இப்போதும் சொல்கிறார்கள்.
முன் பெஞ்சுக்காரர்கள். அவர்களுக்கு அது உண்மைதான்.

திருத்துறைப்பூண்டிக்கு ஆற்றுத் தண்ணீர் கடைசியில்தான் வரும்.
கல்லணையைத் திறந்து
மேலே எல்லோரும் நாற்று விட்டு முடித்தபின்
முள்ளியாற்றில் கணுக்கால் நனைகிற அளவு.
வகுப்பில் கடைமடை நாங்கள் ஏழு பேர்.
பாடம் எங்களிடம் வருவதற்குள் வற்றிவிடும்.
கண்டிப்பு மட்டும்
முறை வைக்காமல்
கரை தளும்ப வந்தது.

ஏழு பேரில் சதக்கத்துல்லா ஷார்ஜாவில்.
வேம்பையன் அறுவடை மெஷின் ஓட்டுகிறான்,
சீசனுக்குச் சீசன் ஆந்திரா வரை.
ஒருவன் பரீட்சைக்கே வரவில்லை. அவனைப் பற்றி வேண்டாம்.
நான் தமிழில் முப்பத்திரண்டு.
மூன்று மதிப்பெண்ணின் விலை அன்றைக்குத் தெரியவில்லை.
சதுர அடி பன்னிரண்டு ரூபாய், அது தெரியும்.
மீதி மாணவர்களைப் பற்றியும்
சீனர்கள் ஏதாவது சொல்லித்தான் இருப்பார்கள்.
அதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

ஒரு ச் போட்டு, ப்ரூஃப் அனுப்பினேன்.
'நடுவில் ஒரு ச் விழுந்திருக்கிறது, எடுத்துவிடவும்.'
'அது இருக்கணும் சார்.'
'யார் சொன்னது?'

யார் சொன்னது.
மூலைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கண்ணாடி மாறியிருக்கிறது. முன்நெற்றி நரைத்திருக்கிறது.
பார்வை அதேதான்:
அங்கிருந்தபடியே என் நோட்டைக் கேட்கிறது.

கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டும்.
பதில் போடாமல் பிரிண்டைத் தட்டினேன்.
மெஷின் இடமும் வலமும் ஓடி ஓடி
மஞ்சள் வரியை நூல் நூலாக வெளியே விட்டது.
ச். தலைமேல் புள்ளி,
கொட்டைப்பாக்கு அளவு.

திங்கட்கிழமை பள்ளி வாசலில் கட்டுவார்கள்.
டீச்சர் அண்ணாந்து பார்ப்பார்.
நிறைமதியை அல்ல, தன் முகத்தையும் அல்ல,
கண் நேராக அந்த இடத்துக்குத்தான் போகும்.
இருக்கும்.

இருப்பதால், உள்ளே போய்விடுவார்.
சரியாக இருக்கும் எதையும்
அவர் நின்று பார்த்ததில்லை.