பதின்மூன்றாம் நிமிடம்

ஹெனிங்,
கடிதம் கிடைத்தது. லைப்சிக்கிலிருந்து கிட்வே வர
ஐந்து வாரம் பிடித்திருக்கிறது.
தபால்தலைப் பறவையை எடைமேடைப் பையன் கேட்டான்,
கொடுத்துவிட்டேன்.

நீ கேட்டிருப்பது இது:
இரண்டாம் பக்கம் முழுக்க ஓடும் அந்த ஒரே பாட்டு
பதின்மூன்றாம் நிமிடத்தில்
கிதார், குரல், என் டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து
அரைச் சுருதி மேலே மிதந்து
படியிறங்குவதுபோல் பழைய இடத்துக்கு வருகிறதே,
எப்படிச் செய்தோம்?
அன்று என்ன விழுங்கியிருந்தோம்?
மறுபதிப்பில் வேகத்தைத் திருத்திவிடவா?

விழுங்கியது சோளக்களியும் கப்பெண்டாக் கருவாடும்.
வெட்சனுக்கு மட்டும் பல்வலி மாத்திரை.

ஸ்டுடியோ என்று எழுதாதே.
சுரங்கத் தொழிலாளர் மன்றத்தின் சாமான் அறை அது.
பகலில் தையல் வகுப்பு, இரவில் நாங்கள்.
சுற்றிலும் ஆஸ்பத்திரி எரிக்கக் கொடுத்த மெத்தைகள்,
கறையுள்ள பக்கம் சுவரைப் பார்த்து.
காரில் உட்கார்ந்து படம் பார்க்கும் கொட்டகையில்
கம்பத்திலிருந்து கழற்றிய ஒலிபெருக்கி;
இரண்டு மழைக்காலம் நனைந்த காகிதக் கூம்பு.
அதன்வழி எதை வாசித்தாலும்
தேன்கூட்டில் கல் விழுந்த சத்தம்தான்.
நீ அதைத் தரிசனம் என்கிறாய். சரி, இருக்கட்டும்.

டேப் மெஷின் மன்றத்தின் மின்சாரத்தில் ஓடியது.
மன்றத்தின் மின்சாரம், சுரங்கம் குடித்த மிச்சம்.
இரவு பத்து மணிக்கு
கூண்டை இறக்கும் எந்திரம் உறுமி எழும்,
எங்கள் பல்பு பப்பாளி நிறத்துக்கு மங்கும்.
குடியிருப்பில் அந்தக் கணம் யாரும் பேசமாட்டார்கள்.
களி கிண்டும் துடுப்பு நிற்கும்.
சீட்டாடுகிறவன் சீட்டைக் கவிழ்ப்பான்.
பல்பு மீண்டதும் விட்ட இடத்திலிருந்து சண்டை.

இப்போது கவனி:
மின்சாரம் தளர்ந்தபோது டேப் தள்ளாடி மெதுவாக நடந்தது.
மெதுவாக எழுதிக்கொண்டதை
நீ சரியான வேகத்தில் ஓட்டுகிறாய்.
ஆகையால்
அவர்கள் இறங்க இறங்க
பாட்டு ஏறுகிறது.

நாங்கள் எதையும் செய்யவில்லை, ஹெனிங்.
வாசித்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.
நைரோபியில் அச்சாகி வந்த முந்நூறு தட்டுகளில்
ஒன்றைப் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது.
வெட்சன் ஊசியைத் தூக்கினான், வைத்தான், தூக்கினான்.
"பாழாப்போச்சு" என்றான்.
கிறிஸ்பின் மட்டும் சிரித்தான்: "அது நான்."

அவன்தான் பேஸ்.
நான்காம் நிமிடத்தில் பேஸ் நின்றுவிடுகிறதே,
துணிச்சலான வெற்றிடம் என்று நீ பாராட்டிய இடம்,
அங்கே அவன் கருவியைச் சுவரில் சாய்த்துவிட்டு
இரவு ஷிப்டுக்கு ஓடினான்.
பதின்மூன்றாம் நிமிடத்தில் கூண்டுக்குள் நிற்கிறான்,
தலையில் விளக்கு, பையில் ரொட்டி,
வாய்க்குள் மீதிப் பாட்டு.

அன்று யாரும் சாகவில்லை. இதையும் அட்டையில் போடு.
காலை ஆறு மணிக்கு மேலே வந்தான்,
"முடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனான்.
பத்தொன்பது வருஷம் கழித்து நெஞ்சுத் தூசியில் போனான்;
அது வேறு கணக்கு.
அவன் பங்கை லுவான்ஷ்யாவில் இருக்கும்
மகள் பியூட்டிக்கு நேரே அனுப்பு.
என்னிடம் அனுப்பி, நான் கொடுப்பேன் என்று நம்பாதே.

மூல டேப்பைத் தேடாதே.
அதன் மேல் ஒரு சபை பிரசங்கம் பதிந்துகொண்டது.
உன் கையிலிருக்கும் தட்டில்
கீறலைத் துடைத்துக்கொள், பொரிச் சத்தத்தைத் துடைத்துக்கொள்.
உறையின் மூலையில் 'யூனிஸுடையது, தொடாதே' என்று
பேனாவில் எழுதியிருக்கிறதாமே,
யாரென்று எனக்குத் தெரியவில்லை.
ஆனால் காசு கொடுத்து வாங்கியவள்;
அப்படியே அச்சிடு.

வேகத்தைத் திருத்தாதே.
திருத்தினால் பல்பு மங்காது,
பத்து மணி ஆகாது,
அவன் கூண்டு வாசலில் வரிசையில் நின்றுகொண்டே இருப்பான்.

இன்னொன்று.
பேஸ் நின்ற உடனே தொம்மென்று ஒரு சத்தம்.
புதுவிதத் தாளம் என்று நினைத்திருப்பாய்.
பூட்ஸ் ஒன்றைக் காணாமல்
மெத்தைக்குப் பின்னால் துழாவிக்கொண்டிருந்தான்,
எதையோ தட்டிவிட்டான்.
அவனைப் பார்த்தபடி நான் ஒரு அடி தவறவிட்டேன்.

அதை வேண்டுமானால் சரிசெய்.