மாற்று விகிதம்

மனாமா, பாபுல் பஹ்ரைனின் பின்சந்து.
காலை எட்டுக்கு ஷட்டரைத் தூக்கியதும்
என் முதல் வேலை
நேற்றைய எண்ணை ஈரத்துணியால் அழிப்பது.
ஒரு தினாருக்கு
நூற்று எழுபத்தொன்று புள்ளி நாலு போய்
நூற்று எழுபத்தாறு புள்ளி ஒன்பது வருகிறது.
கடையில் பச்சை மார்க்கர் மட்டும்தான்.
ஏறினாலும் பச்சை, இறங்கினாலும் பச்சை.

பதினொன்றுக்கு ஊர்ப் பேப்பர் இரண்டும் வரும்,
ஒருநாள் பழசாக,
சரக்கு விமானத்தின் குளிர் இன்னும் விடாமல்.
ஒன்று ஆளுங்கட்சிக்காரர் நடத்துவது.
மற்றது அவர் மச்சானுடையது;
இப்போது பேச்சுவார்த்தை கிடையாது.

முதல் தாள்: ரூபாய்
தன் இயல்பான இடத்தைத் தேடிப் போகிறது,
திருப்பூர் பனியனை இனி உலகம் உடுத்தும்.
இரண்டாம் தாள்: தேசம்
தரையில் கிடக்கிறது, தூக்க ஆளில்லை.
கடைசிப் பக்கம் இரண்டிலும் ஒன்றே.
அதே நகைக்கடை, அதே மணப்பெண்,
அதே ஒட்டியாணம்.

வரிசை அதற்குள் வெயிலுக்கு நீண்டுவிட்டது.
ரூபாய் விழுந்த நாளில்
இந்தச் சந்தில் யாரும் அழுவதில்லை.
எனக்கு டீ வாங்கித் தருகிறார்கள்,
நான்தான் தள்ளிவிட்டேன் என்பதுபோல.

இரவு, அறையில் ஏழு பேர்.
சாப்பாட்டுக்குத் தரையில் விரிப்பது பழைய பேப்பர்.
நேற்று என் தட்டுக்கு அடியில்
மூன்று வருடத்துக்கு முந்தைய பத்தி ஒன்று,
எழுதியவர் பேராசிரியர் குணபூஷணம்.
"விழும் நாணயம், விழப்போகும் அரசின் நாடித்துடிப்பு."
மீன்குழம்பை விரலால் வழித்துவிட்டுப் படித்தேன்.
இன்றைய தாளிலும் அவர்தான்,
அதே வட்டக் கண்ணாடி, அதே போட்டோ.
"நாணயத்தை வைத்து அரசை எடைபோடுவது
தெர்மாமீட்டரால் உயரம் அளப்பது."
நடுவில் ஒரு தேர்தல்.

"உவமை நல்லா வருது மனுசனுக்கு,"
என்றார் கீழக்கரை சீனி நெய்னா,
குபூஸைப் பிய்த்துக்கொண்டே.
"எந்தப் பக்கம் திருப்பினாலும் வருது."
எல்லோரும் சிரித்தோம்.
பூவராகன் முள் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

போன வியாழக்கிழமை
கண்ணாடித் துளையில் வாய் வைத்து அவன் கேட்டான்:
"நாளைக்கு இன்னும் ஏறுமா, நிறுத்தி வைக்கட்டுமா?"
மேலாளர் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம் ஒன்று உண்டு:
கேட்கிறவனிடம் இறங்கும் என்று சொல்.
இன்று அனுப்பினால்தான் இன்றைக்குக் கமிஷன்.
"இறங்கிடும்" என்றேன்.
கச்சா எண்ணெய், அமெரிக்க வட்டி, தங்க இறக்குமதி,
வாயில் வந்ததை எல்லாம் அடுக்கினேன்.
குரல்கூடக் கொஞ்சம் கனத்திருந்தது.
வட்டக் கண்ணாடி ஒன்றுதான் பாக்கி.

ஃபோர்மேனிடம் வட்டிக்கு முப்பது தினார் வாங்கிச் சேர்த்து
ஸ்ரீமுஷ்ணத்துக்கு அனுப்பினான்,
மாடிக்குத் தளம் போட.
திங்கட்கிழமை பலகையில் நான் எழுதியது
நூற்று எண்பத்திரண்டு.
பச்சையில்தான்.

அவன் வந்து சண்டை போட்டிருந்தால்
சொல்வதற்கு ஒன்று தயாராக இருந்தது என்னிடம்:
"இறங்கும்னுதானே சொன்னேன்,
ரூபாய் இறங்கிருச்சே."
இரண்டு நாள் நாக்கடியில் வைத்திருந்தேன்
அந்தத் தலையங்கத்தை.
அவன் கேட்கவே இல்லை.
மூன்றாம் நாள் விழுங்கிவிட்டேன்,
எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

இன்று சமையல் அவன் முறை.
அடுப்பிலிருந்து சோற்றுப்பானையைத் தூக்கி வந்து
பேராசிரியர்மேல் வைத்தான்,
பார்த்து வைத்தானோ பார்க்காமல் வைத்தானோ.
சாப்பிட்டு எடுத்தபோது
பானையின் ஈர அடியில் ஒட்டியிருந்தன
தலையங்கத்தின் எழுத்துகள்,
இடம்வலம் மாறி,
எந்தக் கட்சியைப் பற்றியென்று படிக்க முடியாமல்.

கம்பி நாரும் சோப்பும் எடுத்துக்கொண்டு
குழாயடிக்குப் போகிறேன்.
கழுவும் முறை என்னுடையது.