எஞ்சினுக்கு முதுகு காட்டி

வலது கண்ணில் ஒரு தழும்பு இருக்கிறது
என்கிறார் டாக்டர்.
புரை என்று வந்தவளுக்கு
இது புதுச் செய்தி.
கடுகில் பாதி. கருவிழி ஓரத்தில்.
ரொம்பப் பழசு. ஏதும் அடிபட்டதா அம்மா?

அடியில்லை. போடி பாசஞ்சர்.

எண்பத்தொன்று, ஆடி மாதம்.
தேனியில் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை.
மதுரையில் ஏற்றிவிடும்போதே அண்ணன் சொன்னான்:
எஞ்சினுக்கு முதுகு காட்டி உட்காரு.
கேட்டேனா?
வருவதைப் பார்க்க வேண்டும் எனக்கு, அந்த வயதில்.
நாகமலை பக்கத்திலேயே கூட வந்தது.
காற்று புகையை அள்ளி அள்ளிப்
பெட்டிக்குள் போட்டது.
செக்கானூரணி தாண்டித் தலையை நீட்டினேன்.
ஒரே ஒரு கரித்துகள்.

உசிலம்பட்டியில் வண்டி தண்ணீருக்கு நின்றது.
கசக்காதே கசக்காதே என்று
கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தாள்
வெள்ளரிப்பிஞ்சு விற்றவள்.
ஒருவர் ஊதினார். வெற்றிலை வாசம்.
வேட்டி நுனியைத் திரித்துக்கொண்டு ஒருவர்
என் சம்மதத்துக்குக் காத்திருந்தார்.

நகருங்க எல்லாரும்,
என்றாள் எதிர் சீட்டுக்காரி.
குழந்தையை ஒரு பக்கம் ஒதுக்கி
என் தலையை மடியில் சாய்த்து
இமையை இரண்டு விரலால் விரித்து
பீய்ச்சினாள்.

பெட்டியில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும்
ஒரே சமயத்தில்
ஸ்டேஷன் பெயர்ப்பலகையைப் படிக்கத் தொடங்கினார்கள்,
மூன்று மொழியிலும்.

வெதுவெதுப்பு.
அப்புறம் கன்னம், உதட்டோரம்.
இனிப்பென்று சொல்ல முடியாது,
இனிப்பில்லை என்றும் சொல்ல முடியாது.
பங்கு குறைந்த கோபத்தில்
வீறிட்டது குழந்தை.
சும்மா இருடி ஒச்சாயி,
அக்காளுக்கு ஒரு சொட்டு.

அவள் பெயரைக் கேட்கவில்லை.
தண்டவாளத் துண்டில் மணி அடித்தார்கள்,
ஆண்டிபட்டிக் கணவாயில் எஞ்சின் மூச்சு வாங்கியது,
எங்கே இறங்கினாள் என்று பார்க்க
அன்றைக்கு எனக்கு ஒரு கண்தான் இருந்தது.
அந்த ஒரு கண்ணால் அடித்து
நாற்பத்தெட்டு மார்க்கில் பாஸானேன்.
தாவணியில் கரிப்பொட்டுகள்
மூன்று துவைப்புக்கும் போகவில்லை.

இப்போது அகலப் பாதை. புகையில்லை.
போன தை மாதம் போனேன்.
பழக்க தோஷம், முதுகு காட்டியே உட்கார்ந்தேன்.
இப்படி உட்கார்ந்தால் எந்த ஊரும்
கடந்த பிறகுதான் கண்ணில் படும்.
உசிலம்பட்டி தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது,
முதலில் பலகை, பிறகு வேம்பு,
தண்ணீர்க்குழாய் நின்ற இடத்தில்
மூடிபோட்ட ஏதோ பெட்டி.
ஒச்சாயிக்கு நாற்பது தாண்டியிருக்கும்.
யார் யாரையோ பார்த்தேன்.

காரணம் என்ற கட்டத்தில்
தெரியவில்லை என்று தட்டுகிறார் டாக்டர்,
இரண்டே விரலால், எழுத்தைத் தேடித் தேடி.
பார்வையை மறைக்காது, விட்டுவிடலாம் என்கிறார்.
நர்ஸ் வந்து தலையைச் சாய்க்கிறாள்.
எரியும், மூடாதீங்க.

சொட்டு கன்னத்தில் இறங்கி
உதட்டோரம் வரும்வரை
காத்திருந்தேன்.
கசந்தது.