கேட்பது

டிரம் செட்டைத் தவணையில் வாங்கியாயிற்று.
வலைத்துணி இழுத்துக் கட்டிய நாலு தட்டு,
மூன்று ரப்பர் சிம்பல், ஒரு கிக் பெடல்.
கூடவே வந்த கறுப்புப் பெட்டிக்குள்
ஒரே ஒரு ஸ்நேர் இருந்தது.
பிஸ்கட் டப்பாவில் கரண்டி விழுந்த சத்தம் அதற்கு.

தாலின் நகரம், லாஸ்நமே, ஒன்பதாம் மாடி.
நவம்பர்.
மூன்றரை மணிக்கே இருட்டிவிடும்.
பணிமனையில் பேருந்துகளுக்கு பிரேக் மாற்றிவிட்டு
கையில் கிரீஸ் வாசம் போகாமலே
மடிக்கணினியைத் திறக்கிறேன்.

முதல் மென்பொருள் இருநூற்று நாற்பது யூரோ,
பத்து நாள் மட்டும் இலவசம்.
தேவாலயத்துக்குள் வைத்துப் பதிவு செய்தார்களாம்.
அடித்தால்
கூரைவரை போய்
மெழுகுவத்திகளை விசாரித்துவிட்டுத்
திரும்பி வருகிறது ஒலி.
நான் அவ்வளவு தேர்ந்தவள் இல்லை என்பதை
ஒவ்வோர் அடியிலும்
மரியாதையோடு சொன்னது.
பதினோராம் நாள் வாயை மூடிக்கொண்டது.

இரண்டாவது பாதி விலை.
எழுபது ஜிபி இடம் கேட்டது.
மகன் நடை பழகிய வீடியோக்களை
எங்கே கொண்டுபோய்த் தள்ள?
தள்ளினேன், தார்வோவின் பழைய வட்டுக்குள்.
விசிறி ஊளையிட்டது.
குச்சி பட்டு
ஒரு இமைப்பொழுது கழித்துச் சத்தம்,
என் முதுகுக்குப் பின்னால் வேறு எவளோ உட்கார்ந்து
என்னைப் பார்த்துப் பார்த்து அடிப்பதுபோல.
பஃபரைக் குறைத்தேன், பொரிந்தது.
கூட்டினேன், அவள் இன்னும் தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

"திருட்டுப் பிரதி தருகிறேன்" என்றான் தார்வோ.
பேஸ் வாசிப்பவன், கடன் வாங்கிய ஆம்ப்பில்.
வேண்டாம் என்றேன்.
யோக்கியதை ஒன்றுமில்லை, வைரஸ் பயம்.

கறுப்பு வெள்ளித் தள்ளுபடி முடிய
ஆறு மணி நேரம் இருக்கையில்
கதவடியில் ஒரு சீட்டு:

*உங்கள் மூன்றாவது உதை
எப்போதும் அவசரப்படுகிறது.
அது எப்போது விழும் என்று காத்துக் கிடந்தே
என் தூக்கம் போகிறது.
ஸ்னெஷானா, எட்டாம் மாடி,
இரவுப்பணி ஆம்புலன்ஸ்.*

ஹெட்போனைக் கழற்றிவிட்டு
முதல் தடவையாக வெறுங்காதோடு வாசித்தேன்.
தேவாலயம் இல்லை. கூரை இல்லை.
தொம். தொம்.
தொதொம்.
இவ்வளவுதான் நான் என்று
ஒரு மாதமாகத் தெரிந்து வைத்திருக்கிறாள்
பார்த்தேயிராத ஒருத்தி.

இருபத்தொன்பது யூரோவுக்கு ஒன்று வாங்கினேன்.
ஒரே செட், ஒரே அறை,
நாலே ஜிபி.
மெதுவாகத் தட்டினால் ஸ்நேருக்குள்
யாருடைய நாற்காலியோ கிறீச்சிடுகிறது.
துடைக்க மறந்திருக்கிறார்கள்.
விரலுக்கேற்ற வீக்கம்.

மிச்சக் காசில்
இரண்டு பிளைவுட் பலகை,
இருபத்து நாலு டென்னிஸ் பந்து.
ரொட்டிக்கத்தியால் பந்துகளைப் பாதியாக அறுத்து
பலகைகளுக்கு நடுவே அடுக்கி
மேலே செட்டை ஏற்றினேன்.
இப்போது உதைத்தால்
நிறுத்தத்தில் பேருந்து சாய்வதுபோல
லேசாக அசைகிறது மேடை.

இரண்டு வாரம் சீட்டு வரவில்லை.

லிஃப்டில் சீருடையில் ஒரு பெண்,
கையில் தெர்மாஸ்.
என் விரல்களின் கிரீஸைப் பார்த்தாள்,
பிறகு காலை.
"மூன்றாவது உதை சரியாகிவிட்டதா?"

இனி அவளுக்குக் கேட்காது.
அதனால்தான் கேட்கிறாள்.
பொய் சொல்ல
எனக்கு இன்னும் ஐந்து மாடி இருந்தது.