பதினொரு விநாடி

நடுக்காகிதத்தை எலி தின்றது போக
மிச்சம் இருந்தது ஒரு நாற்பத்தைந்து,
ஊதா நிறத்தில் பாதி இறக்கை.
பெயர் இல்லாததால் முனிச்சாலையில் அதற்கு
நெளிசல் பாட்டு என்று பெயர்.

கீழவாசல் பழைய பேப்பர் கடையில்
எடைக்கு வாங்கியது.
சவுண்டு சர்வீஸ் வீரணன்
தகரக் கூரைக்குக் கீழே வைத்து மறந்துபோக,
அக்னி நட்சத்திரம் ஒரே மதியத்தில்
அதை அப்பளமாக்கிவிட்டது.

ஊசி மேடு ஏறும்போது குரலும் ஏறும்,
இறங்கும்போது இறங்கும்.
கழுத்தளவு தண்ணீரில் நின்று பேசுகிறவன் போல
எவனோ ஒரு வெள்ளைக்காரன்.
இதில் லண்டன்காரர்கள் வேண்டுமென்றே நெளித்தது எவ்வளவு,
மதுரை வெயில் நெளித்தது எவ்வளவு?
நடுவே ஒரு சிதார் வந்தது.
"நம்ம வாத்தியத்த
தலைகீழாப் பிடிச்சு வாசிக்கிறாய்ங்க"
என்றார் வீரணன்.
ஆனாலும் நிறுத்தவில்லை.

எழுபத்தொன்றில்
தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு கல்யாணம்.
ஊசி எங்கோ விழுந்து தொலைய,
பெண்வீட்டார் தந்த ஊக்கை நிமிர்த்திச் செருகினார்.
விழுந்தது கீறல்.
இரண்டாம் சரணம் முடியுமுன்
பாட்டு ஒரு தாவு தாவி
கடைசிப் பல்லவியில் போய் நின்றது.
ஆடிய பையன்கள் முதல் தடவை தடுமாறினார்கள்.
அடுத்த தடவை,
பாட்டு தாவிய இடத்தில் அவர்களும் தாவினார்கள்.

அதற்கப்புறம் எங்கள் பேண்டு செட்டுக்கு வந்தது.
கிளாரிநெட் சவரிராசு
நெளிவை உதட்டில் எடுத்தான்,
நான் டிரம்பெட்டில் மூச்சை வெட்டிக் கீறலை எடுத்தேன்.
வில்லாபுரம் காதுகுத்து ஒன்றில்
தாய்மாமன் சீர்த்தட்டோடு தாவி
சாத்துக்குடி ரோடெல்லாம் உருண்டது.
கூடவே ஒரு ஆட்டோவும் நின்று பொறுக்கியது.

போன வருசம் சிம்மக்கல் டீக்கடையில்
டிரம் முத்திருளன் போனை நீட்டினான்:
"வாசிண்ணே, என்ன பாட்டுன்னு இது சொல்லும்."
மூன்று தடவை வாசித்தேன்.
தெரியவில்லை என்றது மூன்று தடவையும்.
அப்புறம் நெளிவை எல்லாம் எடுத்துவிட்டு,
சட்டையைத் தேய்க்கிற மாதிரி நேராக்கி முனகினேன்.
உடனே சொல்லிவிட்டது.

அறுபத்தேழு. நாலு பையன்கள்,
கழுத்தில் ஜாலர் வைத்த சட்டை.
மூன்று வாரம் முதலிடம்.
அடுத்த பாட்டை யாரும் வாங்கவில்லை.
ஒருத்தர் இப்போது ரோஜா நாற்று விற்கிறாராம்.
பொன்விழாவுக்குத் துடைத்துச் சுத்தமாக்கி
மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள்.

கேட்டேன்.
ரயில்வே அறிவிப்பு போல நேராக இருந்தது.
எனக்குப் பிடிக்கவில்லை, சொன்னால் என்ன.
கீறல் வரும் இடம் வந்தது.
கால் கட்டைவிரல் தானாக ஊன்றிக்கொண்டது.
பாட்டு தாவவில்லை.

எல்லா வாத்தியமும் நின்றது.
கோப்பையில் ஒரு கரண்டி இடித்தது.
யாரோ இருமினார்கள்.
பிறகு அந்தப் பையன், பாட்டாக இல்லாமல், சும்மா,
ஒரு கேள்வி கேட்டான்.
முத்திருளனின் மகளிடம் அர்த்தம் கேட்டோம்:
இன்னும் அங்கேதான் இருக்கீங்களா?

பதினொரு விநாடி.
முப்பது வருசமாக
அதன் தலைக்கு மேலேயே ஊதிக்கொண்டு போயிருக்கிறேன்.

புரட்டாசியில் வீரணன் போனார்.
தத்தனேரி போகும் வழியில்
நெளிசலை எடுத்தோம்.
இன்றைக்கு நிறுத்திவிடுவது என்று
மனசுக்குள் வைத்திருந்தேன்,
அந்த இடத்தில், பதினொரு விநாடி.
யாரிடமும் சொல்லவில்லை.
இடம் வந்தது.
டிரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்தேன்.

அதற்குள்
செல்லூர்ப் பையன்கள் இருபது பேரும்
தரையை விட்டிருந்தார்கள்.
சட்டையில்லாத ஒருத்தன்
வாயில் விசிலோடு
கண்ணை மூடியபடி மேலே இருந்தான்.

அந்தரத்தில் இருப்பவர்களை
எவ்வளவு நேரம் நிற்க வைப்பது?

ஊதினேன்.