கட்டம் பதினேழு

பிரேமனிலிருந்து படிவம் வந்திருக்கிறது.
இருபத்து மூன்று கட்டங்கள்.
பதினாறு வரை நாற்காலியை விட்டு எழாமல் நிரப்பிவிட்டேன்:
நிர்வாக மென்பொருளின் பெயர், பதிப்பு எண்,
கடவுச்சொல் யார் யாரிடம்,
விலைச்சீட்டு எத்தனை ஆண்டு பத்திரமாக இருக்கும்,
எந்தப் படகு, எந்தப் பாட்டில், என்றைக்குப் பட்ட நண்டு.
நண்டைப் பற்றி என்ன கேட்டாலும்
எங்களிடம் பதில் உண்டு.

பதினேழு:
தொழிலாளியின் கைரேகையைச் சேமிக்கிறீர்களா?
ஆம் எனில், அவர் சுதந்திரமாகச் சம்மதித்தாரா?

“டிக் அடிச்சு அனுப்பும்மா” என்றார் தவசீலன் சார்.
“ஆறு மணி தாண்டுனா கண்டெய்னர்
தூத்துக்குடியிலயே குந்தியிருக்கும்.
சர்வரு அவன் ஊர்ல இருக்குன்னு
சட்டமும் அவன் ஊருதா?”
ஆமாம் சார், அப்படித்தான்.

நான் டிக் அடிக்கவில்லை.
நல்லவள் என்பதால் இல்லை,
அடியில் என் கையெழுத்து கேட்டிருந்தார்கள்.

நண்டு உடைக்கும் கூடத்துக்கு இறங்கினேன்.
வெளியே கச்சான் மணலை வாரித் தகரத்தில் எறிகிறது.
மண்டபத்தில் ஆடி என்றால் அதுதான் சத்தம்.
உள்ளே ஐஸ், குளோரின் வாடை, ட்யூப்லைட்.
வேதாளை, புதுமடம், உச்சிப்புளி என்று
நாற்பத்திரண்டு பேர்,
முகமூடிக்கு மேல் கண்கள் மட்டும்.

தமிழில் வாசித்தேன்.
“சுதந்திரமாக” வந்தபோது
பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள்.

நம்புத்தாய் கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டாள்:
“வைக்க மாட்டேன்னா?”
வருகை விழாது.
“வருகை விழாட்டி?”
கிலோக் கணக்கு ஏறாது.
“அப்ப இது சம்மதம் இல்ல தாயி,
கேட்டு. தொறந்தாத்தானே உள்ள வர முடியும்.”

படிவத்தோடு வந்த விளக்கக் குறிப்பும்
இதையேதான் சொல்கிறது, பதினோரு பக்கத்தில்:
கூலி கொடுப்பவர் கேட்டு
கூலி வாங்குபவர் சொல்லும் ஆம்
ஆம் ஆகாது.
நம்புத்தாய் அதற்குள்
அடுத்த நண்டின் ஓட்டைப் பிளந்திருந்தாள்.

மாடிக்கு வந்து பட்டியலைத் திறந்தேன்.
நாற்பத்திரண்டு பெண்களின் ரேகை, ஒரு காவலாளியின் ரேகை.
அதில் ஒன்பது பெண்களுக்கு
ஓர் ஓரமாக ஒரே மாதிரித் தழும்பு.

சித்தி ஜொகரா ஒன்பது வருடமாக உடைக்கிறாள்.
ஓடு அவள் விரலை மழுக்கி
கழுவிய கிண்ணம் மாதிரி ஆக்கிவிட்டது.
மிஷின் அவளிடம் தினமும்
மீண்டும் முயலவும், மீண்டும் முயலவும்.
அவள் முயன்றாள். பிறகு ஒருநாள்
வாட்ச்மேன் கார்மேகம் தன் இடது சுண்டுவிரலைத் தந்தார்.

இடது மோதிரவிரல் நம்புத்தாய்.
வலது நடுவிரல் உச்சிப்புளிக்காரி பாக்கியசீலி.
இப்படி ஒன்பது.
வலது கட்டைவிரல் மட்டும் அவருக்கு.
மூன்று வருடமாக விடிகாலை ஐந்தரைக்கு
ஒரு மனிதர் வாசலில் நின்று
பத்துப் பேராக வேலைக்கு வந்திருக்கிறார்.

இதை எந்தக் கட்டத்தில் எழுத?
இருபத்து மூன்றில் ஒன்றிலும் இடமில்லை.
எழுதினால் அவர் வேலை போகும்,
எழுதாவிட்டால் என் கையெழுத்து பொய்.

ஐந்து நாற்பத்தெட்டு.
பதினேழில் இப்படி எழுதினேன்:
இன்றுவரை சேமித்தோம்.
சம்மதம் கேட்டோம், அது சம்மதம் ஆகாது என்று பதில் வந்தது.
நாளையிலிருந்து அட்டை.

பிறகு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தேன்.
நிச்சயமாகவா என்றது மென்பொருள்.
சார் என்னிடம் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

அழித்தது யார், எந்த நிமிடம் என்று
ஒரு வரி மட்டும் பதிவேட்டில் விழுந்தது.
அதை யாராலும் அழிக்க முடியாது.
அதுவும் சட்டம்தான்.

ஏழு மணிக்கு நான் கிளம்பும்போது
கார்மேகம் கேட்டில் குனிந்து
விரல் விரலாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.
“என்னன்னு தெரியல தாயி,
என்னையே தெரியாதுங்குது.”
பையிலிருந்து வெள்ளை அட்டை ஒன்றை எடுத்தேன்.
பேர் எழுதப் பேனாவைத் தேடினேன்.
காற்று அட்டையைப் பிடுங்கப் பார்த்தது.